காகத்துக்கு முதலிடம்

1

எந்த வேலையும் செய்யாத ஒரு கல்லூரிக்கு நூற்றுக்கு நூறு போட்டவன் நான். அவசரத்தில் போட்டிருந்தால்கூட மன்னிக்கலாம். பதினோரு மாதம் கணக்குப் பார்த்து, மூன்று முறை சரிபார்த்து, அதைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றி, கடைசியில் கையெழுத்தும் போட்டேன். உரை முடிந்ததும் கை தட்டினார்கள். நெதர்லாந்துக்காரர்கள் மரியாதைக்காகக் கை தட்டுகிறவர்கள் அல்லர். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவர்களே தட்டினார்களே என்ற மிதப்பில், அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது எதிர்காற்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பத்தொன்பது வருடம் முடிகிறது. வருடா வருடம் இதே மாதத்தில் அலுவலகத்தில் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம் தருவார்கள். அதில் ஒரு கேள்வி: கடந்த ஆண்டில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன? பதில் எழுத இரண்டு அங்குலக் கட்டம். இத்தனை வருடமாக அதில் ஏதாவது ஒரு மென்பொருளின் பெயரை எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். இந்த வருடம் எழுத வேண்டியது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. ஆகவே அங்கே வழக்கம்போல ஒரு மென்பொருளின் பெயரைப் போட்டுவிட்டு, உண்மையில் கற்றதை இங்கே எழுதுகிறேன். இதற்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை என்பது ஒரு நிம்மதி.

2

பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சுற்றுச்சூழலுக்காகச் செய்யும் திட்டங்களில் ஆள், நேரம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் சிக்கனமாகச் செலவாகிறதா என்று அளப்பது என் உத்தியோகம். அரியலூரில் இருக்கும் என் அக்காவின் கணவர், அதாவது மாமா, இதைச் சுருக்கமாகச் சொல்வார்: “மரம் நடுறவன் ஒருத்தன், தண்ணி ஊத்துறவன் ஒருத்தன், எட்ட நின்னு எண்றவன் நம்மாளு.” என் வேலையை இவ்வளவு துல்லியமாக விளக்கியவர் வேறு யாருமில்லை.

என் நாள் குப்பையில் தொடங்கும். காகிதத்துக்கு ஒரு தொட்டி, சமையல் கழிவுக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, எதிலும் சேராததற்கு ஒன்று. போன வருடம் பீட்சா வந்த அட்டைப்பெட்டியைக் காகிதத் தொட்டியில் போட்டதற்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. எண்ணெய் பட்ட அட்டை காகிதம் ஆகாதாம். கடிதத்தின் முடிவில் ‘அன்பான வாழ்த்துகளுடன்’ என்று இருந்தது. இங்கே திட்டும்போதுதான் அன்பு கூடும்.

பிறகு மழையில் சைக்கிள். அலுவலக அறையில் மின்சாரத்தைச் சேமிக்க ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே அசைவு இல்லாவிட்டால் விளக்கு தானாக அணைந்துவிடும். நான் யோசிக்கும் நேரமெல்லாம் அணைந்துவிடுகிறது. கையை இரண்டு தடவை தலைக்கு மேலே வீசினால் திரும்ப எரியும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் போகிறவர்களுக்கு, ஒரு நடுத்தர வயதுத் தமிழன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரையோ உதவிக்குக் கூப்பிடுவதாகத் தெரியும். முதல் சில வருடம் ஒன்றிரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள். இப்போது யாரும் பார்ப்பதில்லை.

நெதர்லாந்துக்காரர்களின் மொழியை ஐந்து வருடம் மாலை வகுப்பில் படித்தேன். வாய் ஓரளவு பழகிவிட்டது, தலைதான் பழகவில்லை. கூட்டத்தில் யாராவது நல்லதாக எதையாவது சொன்னால், நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆமோதிப்பேன். கூட்டக் குறிப்பில் என் பெயருக்கு எதிரே ‘இவருக்கு ஆட்சேபம் உண்டு’ என்று பதிவாகிவிடும். அப்படி என் மேலதிகாரியின் யோசனைகளை மூன்று வருடம் தொடர்ந்து எதிர்த்திருக்கிறேன். துணிச்சலான மனிதர் என்ற பெயரும், அதன் பலனாகப் பதவி உயர்வும் கிடைத்தன.

வீட்டில் மகளுக்குப் பதினேழு வயது. வாரக்கடைசியில் பருவநிலை மாற்றத்துக்கு எதிராக அட்டை பிடித்து நிற்பவள். நான் தமிழில் கேட்பேன், அவள் அவர்கள் மொழியில் பதில் சொல்வாள். இருவருக்கும் நடுவே ஓர் எல்லைச்சாவடி இருப்பதுபோல, வார்த்தை அந்தப்பக்கம் போகும்போது உடை மாற்றிக்கொண்டுவிடும். அவள் வாயிலிருந்து தமிழில் கடைசியாக வந்த முழு வாக்கியம், “உப்பு எங்கே?”

3

இனி அந்தக் கணக்கு. பயப்பட வேண்டாம், எளிதுதான். ஒரு திட்டத்துக்குள் என்ன போனது, அதிலிருந்து என்ன வந்தது, அவ்வளவுதான் பார்ப்போம். உள்ளே போவது ஆள், மணி நேரம், தண்ணீர், டீசல். வெளியே வருவது பிழைத்து நிற்கும் மரம், மிச்சமான தண்ணீர், உரமாக மாறிய குப்பை. குறைவாகப் போட்டு நிறைய எடுத்தவர் யாரோ அவருக்கு முழு மதிப்பெண். மற்றவர்களையெல்லாம் அவரோடு ஒப்பிட்டுக் கீழே இறக்குவோம். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு இலக்கணம் கிடையாது. வகுப்பின் முதல் மாணவன்தான் அளவுகோல். அந்த முதல் மாணவன் எப்படிப்பட்டவன் என்று யாரும் விசாரிப்பதில்லை.

வளரும் நாடுகளின் கல்லூரிகளையும் இப்படி அளந்து, நன்றாகச் செய்கிறவர்களுக்கு மூன்று வருட உதவி தரலாம் என்று ஓர் அறக்கட்டளை முன்வந்தது. எந்தப் பகுதி என்று பேச்சு வந்தபோது நான் கையைத் தூக்கினேன். விளக்குக்காகத் தூக்கியது அல்ல. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் என்றேன். அந்த அறையில் அந்தப் பெயர்கள் ஒலிப்பது அதுவே முதல் தடவை. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற நோய் வெளிநாட்டில் இருப்பவனுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் வரும். எனக்குச் சற்று முற்றியே வந்தது.

விக்கிரமங்கலத்துக்காரன் நான். மூன்று வருடம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்க் கல்லூரியில் படித்தபோது நானும் மரம் நட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஜூலையிலும் விருந்தினர் வருவார், நடுவார், போட்டோ எடுப்பார்கள். அடுத்த ஜூலைக்குள் கன்று காய்ந்திருக்கும். புதிதாகக் குழி தோண்டும் வேலை மிச்சம் என்று அதே குழியில் இன்னொன்றை நடுவோம். மூன்று வருடமும் ஒரே குழி. அதன் விளிம்பில் நின்று கை தட்டியவன் என்ற தகுதியில், இந்த ஊர்க் கல்லூரிகளை அளக்க என்னைவிடப் பொருத்தமானவன் கிடையாது என்று மனதார நம்பினேன்.

பன்னிரண்டு கல்லூரிகள் சம்மதித்தன. படிவத்தைத் தமிழிலேயே தயாரித்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. மேலதிகாரி அந்தத் தாளைக் கையில் வாங்கி, எழுத்துகள் அழகாக இருக்கின்றன என்றார். நான் தலையை ஆட்டினேன்.

4

முடிவு வந்தது. பாடாலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று முதலிடம். அரியலூரை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரி பன்னிரண்டாவது. அதுவும் சாதாரணப் பன்னிரண்டாவது இல்லை, பதினொன்றாவதற்கும் அதற்கும் நடுவில் ஒரு லாரி போகலாம். பட்டியலை இணையத்தில் ஏற்றினோம். கை தட்டியது அப்போதுதான்.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கலையரசி, அந்தக் கடைசிக் கல்லூரியில் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்றால் நிரந்தர வேலை இல்லை என்று அர்த்தம். மின்னஞ்சலில் நான்கே வரி.

“ஐயா, எங்களுக்குக் கடைசி இடம் என்று பார்த்தேன். எங்கே தவறு செய்தோம் என்று சொன்னால் திருத்திக்கொள்கிறோம். பட்டியலைக் காட்டி, பாத்திகளை மூடிவிட்டு அந்த இடத்தில் இருசக்கர வாகன நிறுத்தம் கட்டப்போவதாக முதல்வர் சொல்கிறார். மூடுவதற்கு முன்னால் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.”

கோபமே இல்லாத கடிதம். கோபம் இருந்திருந்தால் பதில் எழுதுவது எளிது. ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தொடங்கும் மாதிரிக் கடிதம் ஒன்று எங்களிடம் தயாராக இருக்கிறது.

அவர் படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மாணவியர் விடுதியின் குளியல், துவையல் தண்ணீரை ஜல்லியும் கல்வாழையும் கொண்ட பாத்திகள் வழியாக விட்டு, தெளிந்த தண்ணீரை மரங்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். அதற்கு ஆன ஒவ்வொரு மணி நேரமும் எழுதப்பட்டிருந்தது. ‘வாட்ச்மேன் வால்வு திறத்தல், தினம் பத்து நிமிடம்.’ ‘வலையில் சிக்கிய தலைமுடி எடுத்தல், சனிக்கிழமை, இரண்டு பேர், ஒரு மணி நேரம்.’ ‘விரிவுரையாளரின் கணவர் டிராக்டரில் ஜல்லி கொண்டுவந்தது, நான்கு நடை.’ பதினோரு மாதத்தில் நான் இதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துக் கணினிக்குள் போட்டிருந்தேன். கூட்டுத்தொகை பெரிதாக இருந்தது, மதிப்பெண் விழுந்துவிட்டது.

கணக்கில் பிழை இல்லை. அதுதான் சங்கடம். மேலதிகாரியிடம் சொன்னேன். வெளியான முடிவை மாற்ற ஒரு குழு இருக்கிறது, கோடை விடுமுறைக்குப் பிறகு கூடும் என்றார். விடுமுறை முடியும்போது பாத்தி இருக்காது. அக்கா வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு எப்படியும் போக வேண்டியிருந்தது. டிக்கெட்டை ஒரு வாரம் முன்னுக்கு மாற்றினேன்.

5

முதலில் முதலிடத்தைப் பார்ப்போம், அங்கே என்ன சிறப்பாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் கலையரசிக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன். பெரம்பலூரில் பஸ் மாறினேன். திங்கட்கிழமை என்பது மறந்துபோயிருந்தது. திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகும் கூட்டம் படிவரை தொங்கியது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்ததும், பத்தொன்பது வருடப் பழக்கத்தில் “நன்றி” என்றேன். அவர் நின்று என் கையிலிருந்த சில்லறையைப் பார்த்தார். “சரியாத்தான குடுத்தேன்?” என்றார். இறங்கும்போதும் சொன்னேன். அவர் விசில் ஊதிவிட்டார்.

கல்லூரி வாசலில் பெரிய பிளெக்ஸ் பேனர். ‘உலக அளவில் முதலிடம்’ என்று எழுதி, தாளாளர் படமும் என் படமும் போட்டிருந்தார்கள். என் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கியதில் முகம் சதுரம் சதுரமாகப் பிரிந்திருந்தது. அலுவலகக் கண்காணிப்பாளர் ராஜமாணிக்கம் சால்வையோடு காத்திருந்தார். முப்பது வருட சர்வீஸ். படிவத்தை நிரப்பியவரும் அவர்தான்.

சால்வையைப் போர்த்திக்கொண்டு, மரங்களைப் பார்க்கலாமா என்றேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்த வேப்பமரங்கள், நூல் பிடித்ததுபோல ஒரே வரிசையில். யார் நட்டது என்று கேட்டேன்.

“மேல பாருங்க சார்.”

பார்த்தேன். மின்கம்பி போய்க்கொண்டிருந்தது. கம்பியில் ஏழெட்டுக் காகங்கள்.

“வேப்பம்பழம் தின்னுட்டு வந்து கம்பில உக்காரும் சார். கொட்டை கீழ விழும். கம்பி நேரா போவுதுங்களா, அதான் மரமும் நேரா வந்துருக்கு.”

தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன். மழைதான் என்றார். பராமரிப்பு? இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை, பாம்பு இருக்கிறது என்றார். நான் சால்வையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

படிவத்தில் ஆள், மணி நேரம், தண்ணீர், டீசல் என்ற எல்லாக் கட்டத்திலும் ‘ஏதுமில்லை’ என்று எழுதியிருந்தீர்களே என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

“நான் பொய் எழுதல சார். கட்டத்தைக் காலியா விட்டா அப்ஜெக்‌ஷன் போட்டுத் திருப்பிருவாங்க. எழுத ஒண்ணும் இல்லன்னா ‘ஏதுமில்லை’ன்னு போடணும், அதான் முறை. மரம் எத்தனைன்னு கேட்டிருந்தீங்க, இருக்கறத எண்ணிப் போட்டேன். நட்டது யாருன்னு நீங்க கேக்கல.”

உண்மை. கேட்கவில்லை.

அந்த வெயிலில் எனக்கு எல்லாம் விளங்கியது. மற்ற கல்லூரிகளில் சிலர் சில கட்டங்களைக் காலியாக விட்டிருந்தார்கள். காலி இடத்தைக் கணினி, தகவல் வரவில்லை என்று ஒதுக்கிவிட்டது. ‘ஏதுமில்லை’ அப்படி ஒதுக்கப்படவில்லை. அதைப் பூஜ்யமாக மாற்றும்படி சொல்லிவைத்தவன் நான். பூஜ்யத்தால் வகுத்தால் கணினி நின்றுவிடும் என்பதால், அந்த இடத்தில் பூஜ்யத்துக்குத் துளி மேலே ஒரு பொடி எண்ணை வைத்ததும் நான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்யும் சின்னத் தந்திரம்தான். விளைவு, ஏறக்குறைய எதுவுமே போடாமல் ஒரு தோப்பை எடுத்த மகாத்திறமைசாலி ஒருவர் பட்டியலின் தலையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற பதினொரு கல்லூரிகளையும் அவரை வைத்தே அளந்தேன். காகத்தோடு போட்டி போட்டால் யார் ஜெயிக்க முடியும்? எல்லா மணி நேரத்தையும் எழுதியவர் எல்லோருக்கும் கீழே போய்விட்டார்.

நெதர்லாந்துக்காரன் எவனாவது இந்தத் தவறைச் செய்திருந்தால் நியாயம் உண்டு. எந்தப் படிவத்திலும் காலி இடம் விடாத நாட்டில் வளர்ந்தவன் நான். ஹால் டிக்கெட் விண்ணப்பத்தில் ‘வேறு விவரங்கள்’ என்ற இடத்தில் ‘ஏதுமில்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டவன். அதை எங்கே, எந்த வருடத்தில் மறந்தேன் என்று தெரியவில்லை.

விடைபெறும்போது ராஜமாணிக்கம் மெதுவாகக் கேட்டார். “பேனர எடுக்கணுங்களா சார்?”

6

மறுநாள் காலை மாமாவின் டிவிஎஸ்ஸில் கலையரசியின் கல்லூரிக்குப் போனேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசியில் போய்ச் சேரும்போது என் தலை இன்னும் நரைத்திருந்தது. கலையரசி ஜெயங்கொண்டம் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சுற்றிக்காட்டும் முன்னாலேயே நான் காகத்தின் கதையைச் சொல்லிவிட்டேன். குற்றவாளி முந்திக்கொள்வது நல்லது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, “அப்ப எங்க பக்கம் தப்பு இல்லிங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மூன்று வாரமாக அந்த நோட்டை வரி வரியாகத் திரும்பப் பார்த்து, தவறு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாராம்.

ஆறு பாத்திகள். கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருந்தது. விடுதித் தண்ணீர் சோப்பு நுரையோடு ஒரு பக்கம் வந்து, மறுபக்கம் தெளிவாக வெளியேறிப் புங்கனுக்கும் நாவலுக்கும் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வரும் வாயில் ஒரு கம்பிவலை. அதில் ஒரு கொத்துத் தலைமுடி. கலையரசி பேசிக்கொண்டே குனிந்து, சின்னக் கொக்கியால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, மணியைப் பார்த்து நோட்டில் எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இதையெல்லாம் எழுதாமல் விட்டிருந்தால் நடுவில் எங்காவது வந்திருப்பீர்கள், பிரச்சினையே வந்திருக்காது என்றேன். படிவம் தயாரித்தவன் சொல்லும் யோசனை இது என்பதைக் கவனிக்கவும்.

“எழுதாம விட்டா, அடுத்து வர்றவங்க இது தானா நடக்குதுன்னு நெனச்சுருவாங்க சார். நான் அடுத்த வருஷம் இங்க இருப்பனான்னே தெரியாது. சனிக்கிழம முடி எடுக்கலன்னா திங்கக்கிழம அடைச்சுக்கும். அது யாருக்காவது தெரியணும்ல.”

எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். எதற்காக அளக்கிறோம் என்று இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை.

நேர்மைக்கு அவர் கொடுத்த விலை இன்னொன்றும் இருந்தது. படிவத்தில் தன் பெயருக்கு எதிரே அவர் எழுதிய மணி நேரத்தைப் பார்த்து, பாடம் எடுக்காமல் இத்தனை நேரம் சாக்கடையில் நின்றீர்களா என்று முதல்வர் கேட்டாராம். அத்தனையும் வகுப்பு இல்லாத சனிக்கிழமை. பொக்லைன் இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த வாரம் வருகிறது.

7

முதல்வரைப் பார்த்தேன். நல்லபடியாகவே பேசினார். வாகன நிறுத்தம் வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள், இருக்கும் இடம் அது ஒன்றுதான், வெளிநாட்டிலிருந்தே உபயோகமில்லை என்று சொல்லிவிட்ட பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்றார். என் கணக்கு தப்பு என்றேன். அவர் பட்டியலை எடுத்து மேசைமேல் என் பக்கம் திருப்பி வைத்தார்.

“கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானங்க?”

“ஆமாங்க.”

“அப்ப தப்புன்னும் கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுங்க. வாய்ல சொன்னா நான் கமிட்டில என்னன்னு சொல்றது?”

எங்கள் பல்கலைக்கழகத்தில் சீலே கிடையாது, பல வருடம் முன்னாலேயே விட்டுவிட்டார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அது ஒரு பல்கலைக்கழகம்தானா என்ற சந்தேகம் முதல்முறையாகத் தெரிந்தது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரப்பர் ஸ்டாம்ப் கடைக்குப் போனேன். என் பதவியைச் சொன்னேன். நெதர்லாந்து மொழியில் ஒரே வார்த்தை, தமிழில் பதினொரு வார்த்தை. “இவ்ளோத்தையும் ரவுண்டுல போட்டா எறும்பு மாதிரி தெரியும் சார்” என்று கடைக்காரர் யோசித்து, ‘அளவீட்டு அலுவலர்’ என்று சுருக்கினார். சதுரமாகப் போடலாமே என்றேன். ரவுண்டுக்குத்தான் மதிப்பு என்று முடித்துவிட்டார்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டுக் கூடத்தில், பந்தல்காரர்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே கடிதத்தை எழுதினேன். என் கணக்கு முறை தவறு, முதலிடமும் தவறு, கடைசி இடமும் தவறு, இந்தப் பாத்திகள் நான் பார்த்த நல்ல வேலைகளில் ஒன்று என்று ஒன்றரைப் பக்கம். அனுமதி இல்லாமல் இப்படி எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் என்ன ஆகும் என்று தெரியும். பதவியிலிருந்து இறக்கினாலும் இறக்கலாம். மாமா எட்டிப்பார்த்து, சீலை எடுத்து உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். “பத்தொம்போது வருஷம் கழிச்சு ஆபீசர் ஆயிட்ட” என்றார்.

மறுநாள் கொண்டுபோனபோது முதல்வர் திருச்சிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். வரவில்லை. உறையை ஒட்டி அலுவலகத்தில் கொடுத்தேன். உள்வரும் தபால் பதிவேட்டில் எண் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் விழா, அதற்கு அடுத்த நாள் எனக்கு விமானம்.

8

திரும்பி வந்ததும் நானே போய் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழுவை விடுமுறைக்கு முன்பே கூட்டினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. இது எல்லோருக்கும் ஒரு பாடம் என்றார்கள். ‘தவறு அறிவிப்புப் படிவம்’ ஒன்றைக் கொடுத்தார்கள். பதினான்கு கேள்விகள். ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விடவில்லை. ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. பட்டியல் திரும்பப் பெறப்படுகிறது, அறக்கட்டளை தன் உதவியைப் பன்னிரண்டு கல்லூரிகளுக்கும் நிறுத்திவைக்கிறது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அன்பான வாழ்த்துகளுடன்.

சாப்பிடும்போது மகளிடம் இதைச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், முழுதாகக் கேட்டாள். காகம் வந்த இடத்தில் சிரித்தாள். முடி எடுப்பது பற்றிச் சொன்னபோது சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அந்தம்மா இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேட்டாள். அவர்கள் மொழியில்தான். ஊரிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. நானாக விசாரிக்கவும் தைரியம் வரவில்லை. கல்வாழை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் வரிசையாக வண்டிகளும் நிற்பதைப் பல தடவை மனதில் பார்த்துவிட்டேன். கடிதத்தைப் படித்தும் மூடினாரா, படித்து மனம் மாறினாரா என்று சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் கணக்குப் போட்டேன். மாறியிருப்பார் என்றே அதிகமும் தோன்றியது. ஒன்றரைப் பக்கத்தில் இரண்டாவது பத்தி உருக்கமாக அமைந்திருந்தது.

கடைசியில் போன வாரம் மகளே கலையரசியின் எண்ணைக் கண்டுபிடித்து, போனை என் கையில் கொடுத்தாள். மத்தியானம், ஊரில் சாயங்காலம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பாத்தி என்ன ஆச்சு என்றேன்.

“இருக்கு சார். மூடல.”

கடிதம் வேலை செய்திருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டேன், மகளும் கேட்கட்டும் என்று.

பொக்லைன் வருவதற்கு முதல் நாள், பாத்திக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடச் சொன்னாராம் முதல்வர். வாட்ச்மேன் மூடினார். பாத்தி வருவதற்கு முன்பு தண்ணீர் போன பழைய சாக்கடைக்கு மேலேதான் ஆபீஸ் கட்டடம் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள், அது பாதியிலேயே அடைத்துக் கிடக்கிறது என்பது யாருக்கும் நினைவில்லை. காலையில் விடுதியில் எல்லோரும் குளித்து முடித்ததும், தண்ணீர் திரும்பி ஏறி, பத்து மணிக்கு முதல்வர் அறை வாசலில் நுரையோடு நின்றது. அவர் செருப்பு மிதந்து போயிருக்கிறது. அவரே வராந்தாவில் நின்று, வால்வைத் திற என்று கத்தினாராம். பொக்லைன்காரரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது சனிக்கிழமை முடி எடுக்க ஆபீசிலிருந்தே ஒரு ஆள் வருகிறார்.

ரொம்பச் சந்தோஷம் என்றேன். பிறகு மெதுவாக, என் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“லெட்டருங்களா? அத அவரு பிரிக்கவே இல்ல சார். ஆபீஸ்ல எங்கிட்ட குடுத்துட்டாங்க. நானே உங்கள்ட்ட கேக்கணும்னு இருந்தேன்,” என்றார் கலையரசி. “அது உங்களுக்குத் திருப்பி வேணுங்களா, இல்ல இங்கயே ஏதாவது ஃபைல்ல போட்டுரட்டுமா?”